விளையாட்டு தருவது உதவித்தொகையா, கல்லூரி இடமா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் நன்றாக விளையாடும் பிள்ளையின் பெற்றோர் பத்தாம் வகுப்பு வாக்கில் ஒரு கேள்வியை எழுப்பத் தொடங்குகிறார்கள்: இவ்வளவு காலமாகச் செலவழித்த இந்த விளையாட்டு, கல்லூரிக்கு உதவுமா? அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விளையாட்டால் கல்லூரிச் செலவு குறையுமா என்பது ஒன்று. மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நுழைய முடியாத ஒரு கல்லூரியில் விளையாட்டால் இடம் கிடைக்குமா என்பது மற்றொன்று. பணம் தரும் கல்லூரிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்திலும், சேர்க்கையில் மிகப் பெரிய சலுகை தரும் கல்லூரிகள் பெரும்பாலும் மறுபக்கத்திலும் இருக்கின்றன. எதைத் தேடுகிறோம் என்று தெளியாமல் பயிற்சிக்கும் பயணத்துக்கும் பணத்தைக் கொட்டும் குடும்பங்கள் கடைசியில் இரண்டையும் தவறவிடுவதுண்டு என்பதால், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் அளவை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆண்டுதோறும் பதிவாகும் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டு விளையாட்டுகளில் ஆடும் பிள்ளை இதில் இருமுறை எண்ணப்படுகிறார். பள்ளியில் விளையாடுபவர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் கல்லூரி அணிகளில் இடம் பெறுகிறார்கள். விளையாட்டு உதவித்தொகை பெறுபவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. அந்த 2 சதவீதத்தினரிலும் எல்லோரும் முழுத் தொகை பெறுவதில்லை.

உதவித்தொகையை நாடும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். என்சிஏஏ கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டு டிவிஷன்களில் விளையாட்டுக்காகப் பணம் தரலாம், மூன்றாவதில் தரக்கூடாது. முதல் டிவிஷனிலும்கூட, 2025 வரை, கால்பந்தின் மேல்நிலைப் பிரிவு (இங்கே கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து), கூடைப்பந்து, பெண்கள் டென்னிஸ், பெண்கள் வாலிபால், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றில்தான் உதவித்தொகை பெறுபவருக்கு அது முழுமையாகக் கிடைத்தது. மற்ற விளையாட்டுகளில் பயிற்சியாளர் ஒரு சிறு தொகையை அணி முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்தார். ஆண்கள் நீச்சலில் ஓர் அணிக்கு 9.9 முழு உதவித்தொகை அளவு, ஆண்கள் டென்னிசில் 4.5, பேஸ்பாலில் 11.7 என்பவை அந்தக் காலத்து உச்சவரம்புகள். முப்பது பேர் கொண்ட நீச்சல் அணியில் 9.9 உதவித்தொகையைப் பிரித்தால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூட முழுமையாக வராது. "என் மகனுக்கு ஸ்காலர்ஷிப்பில் இடம் கிடைத்திருக்கிறது" என்ற மகிழ்ச்சியான செய்திக்குப் பின்னால் பல சமயம் இருந்தது கட்டணத்தில் கால் பங்குத் தள்ளுபடிதான்.

2025 ஜூனில் இந்த ஏற்பாடு மாறியது. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ அமைப்புக்கு எதிராகத் தொடுத்த, ஹவுஸ் வழக்கு எனப்படும் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு தரப்பட வேண்டும் என்பதோடு, அந்த ஆண்டு ஜூலை முதல், சமரசத்தில் இணையும் ஒவ்வொரு முதல் டிவிஷன் கல்லூரியும் தன் வருமானத்திலிருந்து முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம் என்பதும் அதன் சாரம். உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு நீங்கி, அணியின் அளவுக்கு வரம்பு வந்தது. கால்பந்துக்கு 105 பேர், பேஸ்பாலுக்கு 34, நீச்சலுக்கு 30, டென்னிசுக்கு 10. மேலோட்டமாகப் பார்த்தால், இனி முப்பது நீச்சல் வீரர்களுக்கும் முழுத் தொகை தரலாமே என்று தோன்றும். விதி அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தைக் கல்லூரி தன் கையிலிருந்து எடுக்க வேண்டும், வருமானப் பகிர்வின் பெரும்பகுதியோ கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. சமரசத்தில் இணைந்த கல்லூரிகளில் பெரிய அணிகள் சுருங்கியதால், உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து உழைத்து மேலே வரும் வாக்-ஆன் மாணவர்களுக்கு இருந்த இடம் குறைந்திருக்கிறது. அரிதான உச்சத் திறமை உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் நல்லது. நடுத்தரத் திறமை உள்ளவர்களுக்கு முதல் டிவிஷன் கதவு முன்னைவிட ஒடுங்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அதை ஒடுக்கும் இன்னொன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2018இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் வழியாக, விதிகள் படிப்படியாகத் தளர்ந்தபின், கல்லூரி வீரர்கள் ஓராண்டு வெளியே உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறி உடனே விளையாடலாம். பதினேழு வயதுப் பிள்ளையை எடுத்து மூன்றாண்டு வளர்ப்பதைவிட, கல்லூரி ஆட்டத்தில் பழகிய இருபத்தொரு வயது வீரரை எடுப்பது பயிற்சியாளருக்கு எளிது. டென்னிசில் வெளிநாட்டுப் போட்டியும் சேர்ந்துகொள்கிறது. முதல் டிவிஷன் ஆண்கள் டென்னிஸ் வீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டினர். சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் என்சிஏஏ ஒற்றையர் பட்டத்தை வென்றார். மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அந்த அணி 2025இல் தேசியப் பட்டம் வென்றது. நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வளரும் தமிழ்ப் பிள்ளை அந்த அணிகளில் ஓரிடத்துக்குப் போட்டியிடும்போது, பக்கத்து ஊர்ப் பிள்ளையோடு மட்டுமல்லாமல், ஏற்கனவே உலக அளவில் ஆடிய இத்தகைய இளைஞர்களோடும் போட்டியிடுகிறது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

இனி இரண்டாவது வழி: பணத்தை விட்டுவிட்டு இடத்தை நாடுவது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக்கின் 8 பல்கலைக்கழகங்களும் முதல் டிவிஷனில்தான் விளையாடுகின்றன. ஆனாலும் அவை விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. ஹவுஸ் சமரசத்திலும் அவை சேரவில்லை. அவை தருவது சேர்க்கை. அதன் மதிப்பு எவ்வளவு என்பது, சேர்க்கையில் இனத்தைக் கருதுவது குறித்து ஹார்வர்டுக்கு எதிராக நடந்து, 2023இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கின்போது வெளிவந்த தரவுகளில் தெரிந்தது. பயிற்சியாளரால் தேர்ந்தெடுக்கப்பட்ட விளையாட்டு வீரர்களில் ஏறத்தாழ 86 சதவீதத்தினருக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. மற்ற விண்ணப்பதாரர்களுக்கு அந்த விகிதம் 10 சதவீதத்துக்கும் வெகு கீழே. விண்ணப்பத்துக்கு முன்பே பயிற்சியாளர்கள் சலித்தெடுத்துவிடுவதால் இந்த 86 சதவீதத்தை அப்படியே வாய்ப்பின் அளவாகக் கொள்ள முடியாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், வேறு எந்தத் திறமைக்கும், இசைக்கோ அறிவியல் போட்டிக்கோ கூட, அமெரிக்கச் சேர்க்கை முறை இவ்வளவு எடை தருவதில்லை.

அந்த எடை முழுவதும் ஒரே இடத்தில், பயிற்சியாளர் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பும் பட்டியலில், இருக்கிறது. 2019 மார்ச்சில் வெடித்த வர்சிட்டி புளூஸ் ஊழல் இதைத்தான் கசப்பாக நிரூபித்தது. ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், விளையாடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டுவதற்காகச் சில பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்தார். யேல், ஸ்டான்ஃபோர்டு, ஜார்ஜ்டவுன், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பெயர்கள் அதில் அடிபட்டன. அவருக்கு 2023இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. லஞ்சத்துக்கு விலைபோனது அந்தப் பட்டியலில் ஓரிடம். நேர்மையாக உழைக்கும் பிள்ளைக்கும் தேவைப்படுவது அதே பட்டியலில் ஓரிடம்தான். கோப்பைகளும், பள்ளி அணியின் தலைமைப் பதவியும், உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த படமும் அந்த இடத்துக்கு ஈடாகா.

ஐவி லீக்கில் அந்தப் பட்டியலுக்கும் கல்வித் தகுதி வரம்பு உண்டு. மதிப்பெண்ணையும் எஸ்ஏடி போன்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வையும் சேர்த்து அகடெமிக் இண்டெக்ஸ் என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். வீரர்களின் சராசரி, பொது மாணவர்களின் சராசரியிலிருந்து வெகுவாக விலகக்கூடாது. ஆகவே பயிற்சியாளருக்கு, ஆட்டத்தில் தேவைப்படும் ஆனால் மதிப்பெண் குறைந்த ஒரு வீரரைச் சமன்செய்ய, ஆட்டத்தில் சற்றுக் குறைந்தாலும் மதிப்பெண்ணில் உயர்ந்த இன்னொருவர் வேண்டும். படிப்பில் முன்னிற்கும் நம் பிள்ளைகளுக்குச் சாதகமான இடம் இதுவே. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டால், சேர்க்கை அலுவலகம் ப்ரீ-ரீட் எனப்படும் முன்பரிசீலனை செய்து, இந்த மாணவருக்கு வாய்ப்பு உண்டா இல்லையா என்று சொல்லும். விண்ணப்பம் வந்தபின் அக்டோபரிலிருந்து, இடம் கிடைக்கும் என்று ஏறத்தாழ உறுதி சொல்லும் லைக்லி லெட்டர் என்ற கடிதத்தை ஐவி கல்லூரிகள் அனுப்பலாம். அதுவரை பயிற்சியாளர் வாயால் சொன்ன எதுவும் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாம் டிவிஷனைப் பலர் தாழ்வாக நினைக்கிறார்கள். எண்ணில் மூன்றாவதாக இருப்பதால் தரத்திலும் மூன்றாவது என்று கருதுவது பெரும் பிழை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், மிடில்பரி, போடன் போன்ற, நாட்டின் மிகச் சிறந்த சிறு கல்லூரிகள் 11 சேர்ந்த நெஸ்காக் கூட்டமைப்பு இதில்தான் இருக்கிறது. இரண்டாயிரம் மாணவர் அளவே உள்ள இத்தகைய கல்லூரிகள் முப்பதுக்கு அருகில் அணிகளை நடத்துவதால், மாணவர்களில் மூன்றிலொருவர் வரை ஏதோ ஓர் அணியில் இருப்பதுண்டு. ஆகவே இடங்களில் கணிசமான பங்கு விளையாட்டின் வழியாகவே நிரம்புகிறது. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் முழு ஆதரவு தரக்கூடிய சில இடங்கள் உண்டு. அதற்கு ஈடாக, மாணவர் அந்தக் கல்லூரியையே முதல் விருப்பமாக ஏற்று, கிடைத்தால் சேர்வேன் என்ற கட்டுப்பாட்டோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எம்ஐடியும் பெரும்பாலான விளையாட்டுகளில் மூன்றாம் டிவிஷனே. ஆனால் அங்கே பயிற்சியாளருக்கென்று இடங்கள் கிடையாது. அவர் ஒரு மாணவரைப் பரிந்துரைக்கலாம், முடிவு சேர்க்கை அலுவலகத்தினுடையது. ஒரே டிவிஷனில் இரு கல்லூரிகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதால், "மூன்றாம் டிவிஷன் பயிற்சியாளர் என்னை விரும்புகிறார்" என்ற செய்திக்குக் கல்லூரியின் பெயர் தெரியாமல் பொருள் கிடையாது.

பணக் கணக்கை இங்கே நேராகப் போட்டுப் பார்க்க வேண்டும். தனியார் உயர்கல்லூரிகளில் தங்குமிடம் உட்பட ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தொடுகிறது. ஹார்வர்டு 2025-26 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 100,000 டாலருக்கு உட்பட்ட குடும்பங்களிடம் எதையும் வாங்குவதில்லை என்றும், 200,000 டாலர் வரை கல்விக் கட்டணம் இல்லை என்றும் அறிவித்தது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்கு, விளையாட்டு உதவித்தொகையே தராத ஐவி கல்லூரி, முதல் டிவிஷன் அரசுப் பல்கலைக்கழகத்தின் மூன்றிலொரு பங்கு உதவித்தொகையைவிடச் செலவு குறைந்ததாக முடியும். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் குடும்பத்தின் நிலை வேறு. அவர்களுக்கு வருமான அடிப்படையிலான உதவி சிறிதளவே கிடைக்கும் அல்லது கிடைக்கவே கிடைக்காது; ஐவி இடம் என்பது நான்காண்டுகளில் 3 லட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவு. பணமே நோக்கமென்றால் இவர்கள் பார்க்க வேண்டியது, நல்ல மதிப்பெண்ணுக்காகக் கல்வி உதவித்தொகை தரும் கல்லூரிகளை. மூன்றாம் டிவிஷனின் பல கல்லூரிகள், நெஸ்காக் அளவுக்குப் போட்டி இல்லாதவை, இதைத் தாராளமாகத் தருகின்றன. படிப்புக்குக் கிடைக்கும் தொகை விளையாட்டுக்குக் கிடைக்கும் தொகையைவிடப் பெரியதாக இருப்பது வழக்கம். அது காயத்தாலோ பயிற்சியாளர் மாறுவதாலோ ஆட்டம் காண்பதும் இல்லை.

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்துப் பள்ளி அணியின் மதிப்பே மாறிவிடுகிறது. தடகளத்திலும் குறுக்கோட்டத்திலும் பள்ளிப் போட்டியில் ஓடிய நேரமே பேசும். 1,600 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்பது மைன் மாநிலத்திலும் கலிஃபோர்னியாவிலும் ஒன்றே. செலவு மிகக் குறைந்த வழியும் அதுதான். கால்பந்திலும் மல்யுத்தத்திலும் பள்ளி அணி மையமானது. சாக்கரிலும் வாலிபாலிலும் பயிற்சியாளர்கள் பள்ளி ஆட்டங்களைவிட கிளப் போட்டிகளைத்தான் தேடிப் போகிறார்கள். டென்னிசில் யுடிஆர் என்ற தரமதிப்பு எண்ணையே முதலில் பார்க்கிறார்கள். பள்ளி அணியில் முதலிடம் என்பதற்குத் தனி மதிப்பு அரிது. ஸ்குவாஷ் தனிக்கதை. பெரும்பாலான பள்ளிகளில் அது கிடையாது, கல்லூரி ஸ்குவாஷ் என்சிஏஏவின் கீழும் வருவதில்லை. ஆனாலும் ஐவி கல்லூரிகளிலும் நெஸ்காக்கிலும் அதற்கு அணிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வீரர்களைத் திரட்டிய ட்ரினிட்டி கல்லூரி 1998இலிருந்து 2012 வரை தொடர்ந்து 252 ஆட்டங்களில் வென்றது. தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். இதைக் கேட்டுச் சில பெற்றோர், ஆள் குறைந்த விளையாட்டாகப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று திட்டமிடுகிறார்கள். பிள்ளைக்குப் பிடிக்காத, வாள்சண்டை போன்ற ஒன்றில் ஏழாண்டு ஓட்டுவது பணத்தால் மட்டும் அளக்கக்கூடிய இழப்பு அல்ல என்பதால், அந்தத் திட்டத்தை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது வழி, யாராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், விளையாட்டை ஒரு செயல்பாடாக மட்டும் விண்ணப்பத்தில் எழுதுவது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள் இருக்கின்றன. நான்காண்டு அணியில் இருந்தது அவற்றில் ஒன்றை நிரப்பும். விடாமுயற்சியையும் கூடி உழைக்கும் பண்பையும் அது காட்டும் என்பது மெய். ஆனால் கடும் போட்டியுள்ள கல்லூரிகளில் இதனால் மட்டும் முடிவு திரும்புவதில்லை. வாரம் 15 மணி நேரம் பயிற்சிக்குப் போகும்போது, அதே நேரத்தில் செய்திருக்கக்கூடிய ஆய்வோ சமூகப் பணியோ நழுவுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிள்ளை அந்த ஆட்டத்தை நேசித்தால் அதற்காகவே தொடரட்டும். கல்லூரிக்காக மட்டும் தொடர்கிறது என்றால், பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் நிறுத்திவிடுவதில் எந்த அவமானமும் இல்லை.

இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் என்ஏஐஏ என்ற தனி அமைப்பின் கல்லூரிகளும் நம்மவர் பேச்சில் அரிதாகவே வருகின்றன. உடல் வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கும், மதிப்பெண்ணைச் சீர்செய்ய வேண்டியவர்க்கும் இவை நல்ல இரண்டாம் வாய்ப்பு. புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஏரன் ராட்ஜர்ஸ் பியூட் என்ற ஜூனியர் கல்லூரியில் ஆடிய பிறகே பெர்க்லிக்குப் போனார். தக்ஷிணேஸ்வர் சுரேஷும் என்ஏஐஏ கல்லூரியான ஜார்ஜியா குவின்னெட்டில் ஆடிவிட்டுத்தான் வேக் ஃபாரஸ்ட்டுக்கு மாறினார்.

சேர்ந்த பிறகு நடக்கும் வாழ்க்கையையும் ஒப்பிட வேண்டும். முதல் டிவிஷனில் போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு இருக்கிறது. பயணமும் காயச் சிகிச்சையும் அதில் முழுமையாக அடங்குவதில்லை. மருத்துவப் படிப்புக்கு முன்னோடியான பாடங்களின் பிற்பகல் ஆய்வகங்களோடு பயிற்சி மோதும். மூன்றாம் டிவிஷனில் பருவம் குறுகியது, வகுப்புக்கு முன்னுரிமை கிடைப்பது எளிது. அணியே மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு 11 அணிகளைக் கலைப்பதாக அறிவித்தது; எதிர்ப்பு வலுத்ததால் 2021 மேயில் அந்த முடிவைக் கைவிட்டது. அவ்வளவு வளமான பல்கலைக்கழகத்திலேயே நடந்தது வேறிடத்திலும் நடக்கலாம், அங்கே முடிவு திரும்பப் பெறப்படாமலும் போகலாம்.

பத்தாம் வகுப்பில் இருக்கும், படிப்பில் முன்னணியில் உள்ள, மாநில அளவில் நீந்துகிற ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவளுடைய நேரங்கள் பெரிய முதல் டிவிஷன் அணிகளுக்குப் போதாது, நடுத்தர அணிகளுக்கு எட்டும், நெஸ்காக் அணிகளுக்கு நன்றாகவே பொருந்தும். என் கருத்தில் அவள் நடுத்தர முதல் டிவிஷன் அணியின் சிறு உதவித்தொகையைத் துரத்தாமல், நெஸ்காக்கையும் ஐவியில் அவள் நேரத்துக்கு எட்டக்கூடிய ஓரிரு அணிகளையும் நாட வேண்டும். குடும்பத்துக்கு முழுச் செலவு தாங்காது என்றால், கல்வி உதவித்தொகை தரும் மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளைப் பட்டியலின் மேலே ஏற்ற வேண்டும். முதல் டிவிஷன் கதவையும் மூட வேண்டியதில்லை. அதற்குத் தகுதிபெற 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும், அவற்றின் ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி 2.3க்குக் குறையக்கூடாது, அவளுக்கு இவை கடினமல்ல. பெரும்பாலான விளையாட்டுகளில் முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15இலிருந்து மாணவர்களைத் தொடர்புகொள்ளலாம். அந்த நாளுக்குக் காத்திருக்காமல், தன் நேரங்களையும் மதிப்பெண்ணையும் பாடங்களையும் குறிப்பிட்டு அவளே பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கலாம். பெற்றோர் எழுதும் கடிதத்தைவிடப் பிள்ளை எழுதும் கடிதத்தைப் பயிற்சியாளர்கள் மதிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் இடைத்தரகு நிறுவனங்கள் இந்த வேலைக்குத் தேவையில்லை. கோடை முகாமுக்கு வரும் அழைப்பு மடல்களில் பல ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் போகிறவை என்பதால், அவற்றை ஆர்வத்தின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அவள் பயிற்சியாளரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. என் விவரங்களை முன்பரிசீலனைக்கு அனுப்புவீர்களா? உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன்? நீங்கள் முழு ஆதரவு கொடுத்தும் கடந்த சில ஆண்டுகளில் இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டா? நேர்மையான பயிற்சியாளர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்வார். ஜூலையில் வரும் விடை இழுபறியாக இருந்தால், வேறு கல்லூரிகளுக்கு எழுத ஆகஸ்டும் செப்டம்பரும் அவள் கையில் இருக்கின்றன. நவம்பரில் கட்டுப்பாட்டோடு கூடிய விண்ணப்பத்தை ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகு அந்த அவகாசம் இருக்காது.